சுவத்த தடவிப் பாத்துட்டு அப்பறம் பெயின்ட் வாங்குங்க

அம்மா ரூம்ல கட்டில் தலைமாட்டுப் பக்கம் இருக்குற சுவரு ரெண்டு வருஷத்துல மூணு தடவ பொரிஞ்சு போச்சு. ஒவ்வொரு தடவையும் அந்த இடத்த மட்டும் சுரண்டிட்டு, பட்டி (சுவத்த வழவழன்னு ஆக்கப் பூசுற பசை) வச்சு தேய்ச்சு, மேல அதே கலர அடிச்சு விட்டோம், ஒரு ரெண்டு மூணு மாசம் பாக்க நல்லா இருக்கும், அப்பறம் முதல்ல ஒரு சின்ன கொப்புளம் வரும், அம்மா அத விரலால அமுக்குவாங்க, உள்ள இருந்து வெள்ள வெள்ளையா மாவு மாதிரி கொட்டும், தலகாணி உறைல எல்லாம் விழுந்து கெடக்கும். அம்மாவுக்கு இழுப்பு இருக்கு, அந்தத் தூசிலதான் தெனம் தூங்குறாங்கன்னு நெனச்சப்ப எனக்கு ரொம்ப கஷ்டமா போச்சு. அதனால இந்தத் தடவ ரூம் மொத்தத்தையும் ஒழுங்கா பண்ணிடணும்னு முடிவு பண்ணி, முப்பது நாப்பது வருஷமா இந்த வேலையில இருக்குற ஒரு பெரியவர கூப்ட்டு, அவர் கூடவே நின்னு ஒவ்வொரு வேலையும் பாத்து, பாதி வேலைய நானே என் கையால செஞ்சேன். அதுல தெரிஞ்சுகிட்டத எல்லாம் இங்க எழுதி வைக்கிறேன், வீட்டுக்குள்ள பெயின்ட் அடிக்கப் போற யாருக்காவது உதவும்.

அவர் வந்த அன்னைக்கு நான் கலர் புக்க விரிச்சு வச்சுகிட்டு உக்காந்திருந்தேன். அவர் அத திரும்பிக்கூட பாக்கல. உள்ளங்கைய சுவத்துல வச்சு மேல இருந்து கீழ வரைக்கும் ஒரு இழு இழுத்தாரு, கைய திருப்பி எங்கிட்ட காட்டுனாரு. கை முழுக்க வெள்ள. "ஏம்மா, இது பெயின்டே இல்ல, மேல ஒட்டிகிட்டு இருக்குற மாவு. இதுக்கு மேல நீ எவ்ளோ நல்ல பெயின்ட் வாங்கி அடிச்சாலும் அது மாவத்தான் புடிச்சுகிட்டு நிக்கும், சுவத்த புடிக்காது"ன்னு சொன்னாரு. அப்பறம் விரல் முட்டியால சுவரு பூரா தட்டிகிட்டே போனாரு. நல்லா இருக்குற எடத்துல டக் டக்னு கெட்டியா சத்தம் வருது, சில எடத்துல உள்ள காலியா இருக்குற மாதிரி டொப்புனு கேக்குது, அந்த எடத்துல எல்லாம் பூச்சு செங்கல்ல இருந்து விட்டுப் போய் நிக்குதுன்னு அர்த்தமாம், பென்சில்ல வட்டம் போட்டுகிட்டே வந்தாரு. ஒரு சுவத்துல மட்டும் ஏழு வட்டம்.

இன்னொரு சோதனையும் பண்ணிக் காட்டுனாரு. பழைய பெயின்ட் நல்லா ஒட்டியிருக்குற மாதிரி தெரிஞ்ச எடத்துல பிளேடால பெருக்கல் குறி மாதிரி ரெண்டு கோடு கீறி, அதுக்கு மேல டேப்ப ஒட்டி நல்லா அழுத்தித் தேச்சு, சட்டுனு இழுத்தாரு. டேப்போட சேந்து உள்ளங்கை அளவுக்கு ஒரு தகடு உரிஞ்சு வந்துச்சு. அத வாங்கி வெளிச்சத்துல வச்சு ஓரமா பாத்தேன், மேல நாங்க அடிச்ச இளம் பச்ச, அதுக்குக் கீழ ஒரு கிரீம், அதுக்கும் கீழ ஒரு நீலம், கடைசியில முதுகுப் பக்கம் சாக்பீஸ் மாதிரி வெள்ளையா ஒரு படலம், தொட்டா கையில ஒட்டுது. அது டிஸ்டெம்பர். யாரோ ஒரு காலத்துல டிஸ்டெம்பர் அடிச்சிருக்காங்க, அத சுரண்டாமலே அதுக்கு மேல எமல்ஷன், அதாவது தண்ணியில கலக்குற பெயின்ட, அடிச்சுகிட்டே வந்திருக்கோம். டிஸ்டெம்பர் பெரும்பாலும் சுண்ணாம்புத் தூளும் கொஞ்சம் பசையும்தான, வருஷம் ஆக ஆக அந்தப் பசை செத்துப் போகும், தூள் மட்டும் மிஞ்சும், மேல எத்தன கோட்டு இருந்தாலும் எல்லாம் அந்தத் தூள் மேல தொங்கிகிட்டு இருக்குற கதைதான். இந்த டேப் சோதனைக்கு அஞ்சு நிமிஷம்கூட ஆகாது, பெயின்ட் அடிக்கப் போற எல்லாரும் தயவுசெஞ்சு ரூமுக்கு நாலஞ்சு எடத்துலயாவது பண்ணிப் பாத்துடுங்க.

ஆனா தலைமாட்டுச் சுவரு பொரியுறதுக்கு டிஸ்டெம்பர் மட்டும் காரணம் இல்ல. அங்க ஓதம் இருக்கு. சுவத்துக்கு அந்தப் பக்கம் பாத்ரூம். ஓதம் உண்மையிலயே சுவத்துக்குள்ள இருந்து வருதா, இல்ல ரூம் காத்துல இருக்குற ஈரம் சுவத்துல பட்டு நிக்குதான்னு கண்டுபுடிக்க ஒரு எளிய வழி இருக்கு. சுமார் 45 சென்டிமீட்டர் சதுரத்துக்கு ஒரு தெளிவான பிளாஸ்டிக் ஷீட்ட வெட்டி சுவத்துல வச்சு நாலு பக்கமும் காத்து போகாத மாதிரி டேப் ஒட்டணும். குறைஞ்சது 16 மணி நேரம், நாங்க ஒரு முழு நாள் விட்டோம். மறுநாள் காலைல டார்ச் அடிச்சுப் பாத்தா ஷீட்டோட உள்பக்கம், அதாவது சுவத்த ஒட்டுன பக்கம், சின்னச் சின்ன முத்து முத்தா தண்ணி, கீழ் ஓரத்துல ஒண்ணா சேந்து ஒரு கோடு மாதிரி நிக்குது. வெளிப்பக்கம் காஞ்சு கெடக்கு. உள்பக்கம் ஈரம்னா தண்ணி சுவத்துக்குள்ள இருந்து வருது. வெளிப்பக்கம் ஈரம்னா ரூம்ல காத்தோட்டம் போதல. எங்களுக்கு சந்தேகமே இல்லாம உள்ள இருந்துதான்.

இந்தத் தண்ணி செங்கல், சிமென்ட்ல இருக்குற உப்ப எல்லாம் கரைச்சுகிட்டு மேல வருது, மேல வந்ததும் தண்ணி ஆவியாகிடும், உப்பு அங்கயே படிகமா உக்காந்துடும், அந்தப் படிகம் வளர வளர மேல இருக்குற பெயின்ட தள்ளி விட்டுடும். அம்மா விரலால அமுக்குனப்ப கொட்டுன வெள்ள மாவு அதுதான். நாங்க மூணு தடவையும் என்ன பண்ணோம்னா ஈரத்துணி போட்டு தொடச்சோம். அது தப்பு. தண்ணி பட்டதும் உப்பு மறுபடி கரைஞ்சு சுவத்துக்குள்ளயே போயிடும், காஞ்சதும் திரும்ப வெளிய வரும். உப்பு பூத்திருந்தா காஞ்ச பிரஷ்ஷால தேச்சு உதுத்து, கூட்டி எடுத்து வெளிய போடணும். அதுவும் தண்ணி வர்ற வழிய அடைச்சதுக்கு அப்பறம்தான் அந்த வேலைக்கு மதிப்பு.

தண்ணி வந்த வழி பாத்ரூம்ல ஷவருக்குப் போற குழாயோட ஒரு ஜாயின்ட், கூடவே டைல்ஸ் இடுக்குல சிமென்ட் எல்லாம் போயிருந்துச்சு. பிளம்பர வச்சு அத சரி பண்ணி, இந்தப் பக்கம் சுவத்துல இடுப்பு உயரம் வரைக்கும் பூச்ச மொத்தமா கொத்தி எடுத்து செங்கல் தெரியுற மாதிரி விட்டுட்டு, காய விட்டோம். ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு. அதுவரைக்கும் அம்மா ஹால்லதான் படுத்தாங்க. பத்து நாளைக்கு ஒரு தடவ நான் பிளாஸ்டிக் ஷீட்ட ஒட்டிப் பாப்பேன், முதல்ல முத்து முத்தா, அப்பறம் லேசா பனி படிஞ்ச மாதிரி, கடைசியில ஒரு நாள் காலைல ஷீட்டு சுத்தமா காஞ்சு தெளிவா இருந்துச்சு. அன்னைக்கு அம்மாவ கூட்டிட்டு வந்து காட்டுனேன்.

அப்பறம் புதுசா பூச்சு போட்டோம். புதுப் பூச்சுக்கு மேல ஒடனே எதையும் அடிக்கக் கூடாது, குறைஞ்சது 28 நாள். ஈரம் காயுறதுக்கு மட்டும் இல்ல அது. புது சிமென்ட் பூச்சுல காரம் ரொம்ப அதிகம், காரத்த அளக்குற பிஎச் கணக்குல 12, 13ன்னு இருக்கும், அந்தக் காரம் எண்ணெய் சேந்த பெயின்ட்ல இருக்குற எண்ணெயோட சேந்து அத சோப்பாவே மாத்திடும், பிசுபிசுன்னு ஆகி உரிஞ்சு வரும், எமல்ஷனா இருந்தாலும் சில கலரெல்லாம் வெளுத்து திட்டுத் திட்டா போயிடும். பெயின்டுக்கு முன்னாடி அடிக்கிற அடிப் பூச்சுதான் பிரைமர், அதுல காரத்தைத் தாங்குறதுன்னு தனியா வருது, புதுப் பூச்சுக்கு அதத்தான் வாங்கணும்.

இதுக்கு நடுவுல மத்த மூணு சுவத்துல சுரண்டுற வேலை ஓடிச்சு. டிஸ்டெம்பர சுரண்டுறதுக்கு வெதுவெதுப்பான தண்ணிய ஸ்பாஞ்சால நல்லா ஊற வச்சு கொஞ்ச நேரம் விட்டு அகல தகட்டால தள்ளணும், ஊறுனா கொழகொழன்னு வந்துடும், காஞ்சத சுரண்டுனா தூசியா பறக்கும், கையும் விட்டுப்போகும். எமல்ஷன் மேல இருக்குறதால தண்ணி உள்ள எறங்க மாட்டேங்குது, அதுக்கு முதல்ல தகட்டோட மூலையால அங்கங்க கீறி விட்டுட்டு தண்ணி அடிச்சோம். எல்லாத்தையும் எடுக்கணும்னு அவசியம் இல்ல, கெட்டியா ஒட்டியிருக்குற எடத்த விட்டுடலாம், ஆனா விட்ட எடத்தோட ஓரத்த தண்ணி தொட்டு உப்புத்தாள் போட்டு சரிவா தேச்சு விடணும். அந்த ஓரம் படி மாதிரி நின்னா பட்டி போட்டாலும் பெயின்ட் அடிச்சாலும் மேப்ல கோடு போட்ட மாதிரி தெரிஞ்சுகிட்டே இருக்கும். எதையெல்லாம் விடலாம்னு கேட்டேன், தகட்டக் கொஞ்சம் பலமா தள்ளியும் வரலன்னா விட்டுடுன்னு சொன்னாரு.

இங்க ஒரு முக்கியமான விஷயம். ரொம்பப் பழைய வீடா இருந்தா, அடியில இருக்குற பெயின்ட்ல ஈயம் இருக்கலாம். அமெரிக்காவுல வீட்டு பெயின்ட்ல ஈயத்த 1978லயே தடை பண்ணிட்டாங்க, நிறைய நாடுகள்ல ரொம்ப லேட்டாத்தான் 90 பிபிஎம், அதாவது பத்து லட்சத்துல 90 பங்குங்குற வரம்பு வந்துச்சு. அந்தத் தூசி மூச்சுலயும் கை வழியா வாய்க்குள்ளயும் போனா சின்னப் பிள்ளைங்களோட மூளை வளர்ச்சிய பாதிக்கும், இவ்ளோ வரைக்கும் போனா பரவால்லன்னு ஒரு அளவே கெடையாது. அதனால பழைய பெயின்ட காஞ்சபடியே உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீங்க, மெஷின் வச்சு தேய்க்கவே தேய்க்காதீங்க, தண்ணி தெளிச்சு ஈரமாவே சுரண்டுங்க, கீழ பிளாஸ்டிக் விரிச்சு சுரண்டுனத எல்லாம் அதோடயே சுருட்டி எடுங்க, கர்ப்பமா இருக்குறவங்களும் பிள்ளைங்களும் அந்த வேலை முடியுற வரைக்கும் அந்தப் பக்கம் வரவே வேணாம். சந்தேகம் இருந்தா ஒரு துண்ட லேப்ல குடுத்து சோதிச்சுடலாம்.

அலமாரிக்குப் பின்னாடி மூலையில கருப்பு கருப்பா புள்ளி இருந்துச்சு. அழுக்கா பூஞ்சையான்னு பாக்க ஒரு சொட்டு பிளீச் வச்சுப் பாத்தோம், ரெண்டு நிமிஷத்துல வெளுத்துடுச்சு, அப்ப பூஞ்சைதான். அழுக்கா இருந்தா அப்படியேதான் இருக்கும். ஒரு பங்கு பிளீச்சுக்கு மூணு பங்கு தண்ணி கலந்து, ஜன்னல எல்லாம் தொறந்து வச்சுட்டு, கிளவுஸ் போட்டுகிட்டு தடவி ஒரு இருபது நிமிஷம் விட்டு கழுவுனோம். பிளீச்சோட பாத்ரூம் கழுவுற ஆசிட்டையோ அம்மோனியா இருக்குற கிளீனரையோ கலந்துடாதீங்க, விஷ வாயு வரும், மூடுன ரூம்ல அது உயிருக்கே ஆபத்து. பூஞ்சை மேல அப்படியே பெயின்ட் அடிச்சா பெயின்டுக்குள்ள இருந்தே திரும்ப வளரும்.

விரிசல் பத்தி நெறைய பேர் பயப்படுறாங்க, சில பேர் கண்டுக்காமலே மூடிடுறாங்க, ரெண்டுமே வேணாம். தல முடி மாதிரி மெல்லிசா வலை வலையா ஓடுறது பூச்சு காயும்போது சுருங்குனதால வர்றது, அத அப்படியே பட்டியில மூடிடலாம். பீமும் செங்கல் சுவரும் சேர்ற எடத்துல நேர்கோடா ஒரு விரிசல் வரும், கான்கிரீட்டும் செங்கல்லும் வெயிலுக்கு ஒரே மாதிரி விரியாது, அதனால எத்தன தடவ அடைச்சாலும் திரும்ப வரும். அங்க விரிசல தகட்டோட முனையால வி மாதிரி அகலமாக்கி, தூசிய பிரஷ்ஷால தட்டி எடுத்துட்டு, கொஞ்சம் நெகிழ்வா இருக்குற கிராக் ஃபில்லர அழுத்தி அடைச்சு, அதுக்கு மேல ஃபைபர் மெஷ் டேப் ஒட்டி பட்டி போடணும். ஆனா ஜன்னல் மூலையில இருந்து படிக்கட்டு மாதிரி சாய்வா ஏறுற விரிசல், இல்ல 5 மில்லிமீட்டருக்கு மேல அகலமா இருக்குறது, இதுக்கெல்லாம் பட்டி மருந்தே கெடையாது. விரிசலோட ரெண்டு முனையிலயும் பென்சில்ல கோடு போட்டு தேதி எழுதி வைங்க, கோட்ட தாண்டி வளருதுன்னா ஒரு இஞ்சினியர கூப்ட்டு காட்டுங்க.

பட்டிக்கு வருவோம், எனக்கு ரொம்ப குழப்பமா இருந்தது இதுலதான். ரெண்டு வகை இருக்கு, ஒயிட் சிமென்ட்ல செஞ்ச பவுடர் பட்டி, டப்பாவுல பேஸ்ட்டா வர்ற அக்ரிலிக் பட்டி. சிமென்ட் பட்டி கெட்டியாகுறதுக்கு தண்ணி வேணும், சுவத்த புடிக்குறதுக்கு வெறும் பூச்சு வேணும். அதனால வெறும் பூச்சு மேல, லேசா தண்ணி தெளிச்சு நனைச்சுட்டு போடணும், காஞ்ச சுவத்துல போட்டா சுவரு தண்ணிய உறிஞ்சிடும், பட்டி வேகாம பொடியாவே நிக்கும். பழைய எமல்ஷன் மேல சிமென்ட் பட்டி போட்டா ஒழுங்கா ஒட்டாது. அந்த மாதிரி எடத்துல பிரைமர் அடிச்சுட்டு அக்ரிலிக் பட்டி. நாங்க புதுப் பூச்சுல சிமென்ட் பட்டியும், பழைய பெயின்ட் நின்ன எடத்துல அக்ரிலிக்கும் போட்டோம்.

கலக்குறதுலயும் அவருக்கு ஒரு கணக்கு இருக்கு. ஒரு கிலோ பவுடருக்கு 350ல இருந்து 400 மில்லி தண்ணி, தண்ணியில பவுடர கொஞ்சம் கொஞ்சமா போடணும், கட்டி இல்லாம கலக்கிட்டு பத்து நிமிஷம் சும்மா வச்சுட்டு மறுபடி ஒரு தடவ கலக்கணும். ரெண்டு மூணு மணி நேரத்துக்குள்ள போட்டு முடிக்கிற அளவுக்கு மட்டும் கலக்கணும், எறுகிப் போனதுக்கு அப்பறம் தண்ணி ஊத்தி எளக்கி போடுறத அவர் செய்யவே விடல. ஒரு கோட்டுக்கு ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல போகக் கூடாது. பள்ளமா இருக்குன்னு ஒரே தடவையில கெட்டியா அப்புனா அது விரிஞ்சிடும், ஆழமான பள்ளத்த முதல்ல சிமென்ட் கலவையில நெரப்பிட்டுதான் பட்டிக்கு வரணும். முதல் கோட்டு கீழ இருந்து மேல இழுத்தாரு, காஞ்சதும் ரெண்டாவது கோட்டு பக்கவாட்டுல. அவர் தகட்ட புடிக்கிற விதத்த நான் ரொம்ப நேரம் பாத்துகிட்டே இருந்தேன், தகட்ட சுவத்துல படுக்க வச்ச மாதிரி சாய்ச்சு, நடு விரலாலயும் மோதிர விரலாலயும் அழுத்தம் குடுத்து, கடைசியில கைய லேசா திருப்பி சுவத்த விட்டு எடுக்குறாரு, அந்தத் திருப்புல கோடே விழல. நான் போட்ட எடத்துல எல்லாம் தகடு ஓரத்து கோடு விழுந்துச்சு, அவர் ஒண்ணும் சொல்லாம வந்து மேல ஒரு இழு இழுத்துட்டுப் போனாரு.

தேய்க்குறதுக்கு முதல்ல 180 நம்பர் உப்புத்தாள், கடைசிக்கு 320. உப்புத்தாள ஒரு மரக்கட்டையில சுத்தி புடிச்சுக்கணும், வெறும் விரலால தேச்சா விரல் பட்ட எடம் மட்டும் பள்ளமாகும், பகல்ல தெரியாது, ராத்திரி லைட் போட்டா அல அலையா தெரியும். மாஸ்க் கண்டிப்பா போடணும், என்95 மாதிரி ஒண்ணு, சும்மா கைக்குட்ட கட்டுனா அந்த நைஸ் தூசிய தடுக்காது. கதவிடுக்க டேப் போட்டு அடைச்சோம், ஃபேன போடல. தேச்சு முடிச்சதும் காஞ்ச பிரஷ், அப்பறம் நல்லா பிழிஞ்ச ஈரத்துணி, தூசி மேல பிரைமர் அடிச்சா அவர் முதல் நாள் கை தடவிக் காட்டுன அதே கததான் திரும்பவும்.

சுவிட்ச் போர்ட் பக்கத்துல ஈர வேல பாக்குறதுக்கு முன்னாடி மெயின ஆஃப் பண்ணிட்டு பிளேட்ட கழட்டிட்டோம். பிளேட் மேலயே டேப் ஒட்டி அடிச்சா ஓரத்துல பட்டி மொத்தமா நின்னு அசிங்கமா போயிடும்.

ராத்திரி ஒரு வேல இருக்கு, எனக்கு ரொம்பப் புடிச்சது அதுதான். ரூம் லைட்ட எல்லாம் அணைச்சுட்டு டார்ச்ச சுவத்தோட ஒட்டுன மாதிரி பக்கவாட்டுல புடிச்சு மெதுவா நகத்தணும். பகல்ல கண்ணாடி மாதிரி இருந்த சுவத்துல மேடும் பள்ளமும் ஊசி குத்துன ஓட்டையும் நெழல் நெழலா எழுந்து வருது. ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல பென்சில்ல ஒரு புள்ளி வச்சேன். பளபளன்னு இருக்குற பெயின்ட் அடிக்கப் போறீங்கன்னா இத ரொம்ப கவனமா பண்ணணும், பளபளப்பு எல்லாக் குறையையும் எடுத்துக் காட்டும், மேட் ஃபினிஷ் கொஞ்சம் மன்னிக்கும்.

பிரைமர் எதுக்கு, பட்டி வெள்ளையாத்தான இருக்குன்னு நானும் ஒரு காலத்துல நெனச்சதுதான். பட்டி பஞ்சு மாதிரி, அதுக்கு மேல நேரா பெயின்ட் அடிச்சா பெயின்ட்ல இருக்குற தண்ணியையும் பசையையும் அது இழுத்துக்கும், பட்டி கெட்டியா இருக்குற எடத்துல அதிகமா இழுக்கும், மெல்லிசா இருக்குற எடத்துல கம்மியா இழுக்கும், அதனாலதான் ஒரே டப்பா பெயின்ட் ஒரே சுவத்துல திட்டுத் திட்டா தெரியுது. பழைய தண்ணிக் கறை, புகைக் கறை இருந்தா தண்ணியில கலக்குற பிரைமர் அத அடக்காது, மஞ்சளா மேல ஏறி வந்துடும், அதுக்குன்னு இருக்குற கறை தடுக்குற பிரைமர அந்த எடத்துல மட்டும் அடிக்கணும். கதவோரத்துல கொஞ்சம் பளபளன்னு பழைய பெயின்ட் இருந்துச்சு, பஞ்சுல ஸ்பிரிட் நனைச்சு தேச்சோம், பஞ்சுல கலர் வரல, அப்ப அது ஆயில் பெயின்ட். பளபளப்பு போற வரைக்கும் தண்ணி தொட்டு உப்புத்தாள் போட்டு சொரசொரப்பாக்குனோம், இல்லன்னா எமல்ஷன் அதுல நிக்காது, நகத்தால கீறுனா வந்துடும்.

பிரைமர் நேத்து சாயங்காலம் அடிச்சோம். காஞ்சதுக்கு அப்பறம் ராத்திரி மறுபடி டார்ச் எடுத்துட்டுப் போனேன், பிரைமர் பட்டதும் இன்னும் ஒரு பதினோரு ஓட்டை தெரிஞ்சுச்சு, முன்னாடி கண்ணுக்கே படல. இன்னைக்கு காலைல அதுக்கு எல்லாம் விரல் நுனியால கொஞ்சம் பட்டி டச்சப் வச்சு, 320ல தேச்சு, டச்சப் வச்ச எடத்துக்கு மட்டும் மறுபடி பிரைமர் தொட்டு விட்டிருக்கேன். அம்மா வந்து தலைமாட்டுச் சுவத்த உள்ளங்கையால மேல இருந்து கீழ ஒரு தடவ இழுத்துப் பாத்தாங்க, கைய திருப்பிப் பாத்தாங்க, ஒண்ணும் ஒட்டல. "இப்படியே வெள்ளையாவே விட்டுடேன், நல்லாத்தான இருக்கு"ன்னாங்க. நாளைக்கு முதல் கோட்டு.